பாறையடியில் சிவப்புத் துணி

சுள்ளி முறிந்த மாதிரி ஒரு சத்தம். கீழே மெத்தையருகே என்னைத் தாங்கக் கையைத் தூக்கி நின்றிருந்தவர் சுற்றும்முற்றும் பார்த்தார். தாடி என்றுதான் அவரைக் கூப்பிடுவோம்.

"யாரு குச்சியை மிதிச்சது?" என்றார்.

யாரும் எதையும் மிதிக்கவில்லை. சத்தம் வந்தது என் வலது கை மோதிர விரலிலிருந்து. பாறையிலிருந்து கை தானாக விட்டுப்போய், நான் மெத்தையில் மல்லாந்து கிடந்தேன். முதலில் வலிகூட இல்லை. கோபம்தான் வந்தது.

குளிர்காலம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. மற்றவர்கள் போர்வைக்குள் சுருண்டு கிடக்கிற ஞாயிற்றுக்கிழமை காலையில், நாங்கள் முதுகில் மடக்கு மெத்தையைக் கட்டிக்கொண்டு, ஊருக்கு வெளியே தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கும் பாறைகளுக்குப் போவோம். கயிறு கிடையாது, கொக்கி கிடையாது. பாறைகளும் உயரமில்லை; இரண்டு ஆள் உயரம், மிஞ்சிப்போனால் இரண்டரை. விழுந்தால் மெத்தைமேல் விழ வேண்டியதுதான். 'இவ்வளவு குட்டிப் பாறையா?' என்று சிரிப்பவர்களோடு நான் வாதம் செய்வதில்லை. பாறை முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, "ஏறுங்க" என்பேன். அதோடு சிரிப்பு நின்றுவிடும். வெயில் காலத்தில் விரல் வியர்த்து வழுக்கும். குளிரில்தான் கல் தோலைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே எங்களுக்கு வருடம் என்றாலே அந்தக் குளிர் மாதங்கள்தான்.

எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக ஒரு பாறையைக் கண்டுபிடித்து, பாசியைத் துலக்கி, ஏறும் வழியைப் பார்த்து வைத்தவர், அதன் அடியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டுவார். துணி இருக்கும்வரை வேறு யாரும் அதில் கைவைக்கக் கூடாது. முதலில் ஏறி முடிக்கிறவர்தான் அதற்குப் பெயர் வைப்பார். ஆனால் துணிக்கு ஆயுள் ஒரே ஒரு குளிர்காலம். அதற்குள் கட்டியவர் ஏறாவிட்டால் துணி போச்சு, பாறை பொது. இதை யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்த சட்டங்களைவிடக் கறாராக நடந்துவந்தது.

அந்தப் பாறை நான் கண்டுபிடித்தது. மழைக்காலம் முழுக்கப் பழைய பல் பிரஷ்ஷால் துலக்கினேன். பல வருடமாக மற்றவர்கள் பெயர் வைத்த பாறைகளில் ஏறியிருக்கிறேன். பெயர்களைக் கேளுங்கள்: புலி முதுகு, இரும்பு நெஞ்சு, நான்தாண்டா. வைத்தவர்கள் எல்லாம் ஆண்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நாற்பது தாண்டிய வயதில் முதல்முறையாக என் துணி ஒரு புதரில் கட்டப்பட்டது. அடுத்த ஞாயிறே விரல் போனது. நகத்தளவு விளிம்பு ஒன்று அந்தப் பாறையின் நடுவில் இருக்கிறது. அதை வலது கையால் கவ்வி இழுத்தால்தான் உச்சி எட்டும். அந்த விளிம்புதான் என் விரலைத் தின்றது.

பிசியோ தெரபிஸ்ட் ஒரு பால்பாயின்ட் பேனாவை எடுத்து என் விரலின் அடியில் மோதிரம் மாதிரி ஒரு வட்டம் போட்டார்.

"உள்ளே கயிறு மாதிரி ஒரு நரம்பு ஓடுது. அதை எலும்போட ஒட்டிப் பிடிக்கிறதுக்கு இப்படி ஒரு வளையம் இருக்கு. அது கிழிஞ்சிருக்கு."

"முழுசாவா?"

"பாதி."

"மிச்சம் பாதி இருக்குல்ல?"

அவர் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். இந்த மாதிரி ஆட்களை நிறையப் பார்த்துச் சலித்த முகம்.

"இங்க பாருங்கம்மா. அந்த விரலால எதையும் கவ்வி இழுக்கக் கூடாது. சும்மாவும் வெச்சிருக்கக் கூடாது, சோம்பேறியாயிடும். கொஞ்சம் கொஞ்சமா பாரம் குடுங்க. வலிச்சா நிறுத்துங்க. வீம்பு பண்ணாதீங்க."

கடைசி வார்த்தையை மட்டும் நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பாரம் கொடுப்பதற்கு ஒரு பக்கெட் கிடைத்தது. நானும் என் நாத்தனாரும் சேர்ந்து நடத்தும் முடிதிருத்தும் கடையில், தலை கழுவும் தொட்டிக்கு அடியில் கிடந்த பழைய பக்கெட். அதன் கைப்பிடியில் ஒரு மரச்சட்டத்தைக் கட்டி, சட்டத்தின் விளிம்பை விரல்நுனிகளால் பிடித்துத் தூக்குவேன். முதலில் காலி பக்கெட். பிறகு ஒரு குவளை தண்ணீர். வலிக்காவிட்டால் அடுத்த வாரம் இன்னொரு குவளை.

நாத்தனார் என் கணவருக்கு அக்கா. அண்ணி என்று கூப்பிடுவேன். கடையில் இரண்டு நாற்காலி. ஒன்று அவளுக்கு, ஒன்று எனக்கு. கத்தரிக்கோலின் ஒரு வளையத்தில் கட்டைவிரலும் இன்னொன்றில் மோதிர விரலும் நுழைய வேண்டும். அடிபட்ட மறுநாள், திங்கட்கிழமை, நான் நடுவிரலை நுழைத்ததை முதல் தலையிலேயே கண்டுபிடித்துவிட்டாள்.

"என்ன, கத்தரியைக் கரண்டி மாதிரி பிடிக்கிறே?"

சொன்னேன். அவள் சீப்பை மேஜைமேல் வைத்த சத்தத்தில், தலையைக் கொடுத்து உட்கார்ந்திருந்தவர் இன்னும் கொஞ்சம் குனிந்துகொண்டார்.

"கல்லு மேல ஏறி என்னதான் கிடைக்குது உனக்கு?"

"மேல நிக்கலாம் அண்ணி."

"நிக்கத்தானே? இங்கே நில்லு. காலையிலேர்ந்து சாயந்திரம் வரைக்கும் நில்லு. உன்னை யாரு உட்காரச் சொன்னா?"

இதற்குப் பதில் என்னிடம் இருந்தது, ஆனால் கையிலிருந்த தலையை முடித்தாக வேண்டும். நடுவிரலால் வெட்டுவதால் எனக்கு இரட்டிப்பு நேரம் பிடித்தது. பாதிப் பேர் அவள் நாற்காலிக்கு மாறினார்கள். அவளுடைய இரண்டு கால்களிலும் நரம்பு முடிச்சுக்கள்; முழங்கால்வரை இறுக்கமாகத் துணிப்பட்டை சுற்றித்தான் நிற்பாள். நிற்கவே கூடாது என்று மருத்துவர் சொல்லி வருடக்கணக்காகிறது. மதியத்துக்கு மேல் ஆள் இல்லாதபோது பட்டையை அவிழ்த்துச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"உங்களைக்கூடத்தான் டாக்டர் உட்காரச் சொன்னாரு" என்றேன்.

"அது வேற."

"இதுவும் வேறதான்."

அதற்கப்புறம் மூன்று நாள் எங்களுக்குள் சீப்பு, பவுடர், அடுத்தது யாரு என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. என் கணவர் இரண்டு பக்கமும் பொதுவாகச் சிரித்து வைத்துவிட்டு வேலைக்குப் போய்வந்தார். நல்ல மனிதர். இந்த மாதிரி நேரத்தில் அவரால் ஒரு பிரயோஜனமும் கிடையாது.

ஞாயிறுகளில் பாறைக்குப் போவதை மட்டும் நான் நிறுத்தவில்லை. மற்றவர்கள் ஏறும்போது மெத்தையை நகர்த்தினேன், விழுகிறவர்களைத் தாங்கினேன். கொஞ்சம் தேறியதும் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். அந்த விரலால் கவ்வக் கூடாது, அவ்வளவுதானே? அதை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு, மீதி மூன்று விரல்களால் சுலபமான பாறைகளில் ஏற ஆரம்பித்தேன். எனக்கே என்னை மெச்சிக்கொள்ளத் தோன்றியது. இரண்டே வாரத்தில் உள்ளங்கைக்குள் யாரோ சூடு வைத்த மாதிரி ஒரு வலி கிளம்பியது.

பிசியோ என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு விரலை மடக்கிக்கிட்டு மத்த விரலால தொங்கினீங்களா?"

"அந்த விரலை வெச்சுத்தானே ஏறக் கூடாதுன்னீங்க?"

"விரல்கள் எல்லாம் உள்ளே ஒரே சதையில பின்னிக்கிட்டு இருக்கும்மா. ஒண்ணை மடக்கி, மத்ததை இழுத்தா நடுவுல இருக்கிற சதை கிழியும். ஒரு குடும்பம் மாதிரிதான். ஒருத்தரை ஒதுக்கி வெச்சா வேலை நடக்காது." பெருமூச்சு விட்டார். "பாறை ஏறுறவங்க மட்டும்தான் இப்படி ஒரு தப்போட என்கிட்ட வர்றாங்க. வேற ஒருத்தருக்கும் இந்த யோசனை வராது."

மோதிர விரலை நடுவிரலோடு சேர்த்து ஒட்டுப்பட்டை போடச் சொல்லி அனுப்பினார். பக்கெட்டில் ஏறியிருந்த குவளைகளைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார். அன்று பேருந்தில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து அழுதேன். வலிக்காக இல்லை. குளிர் பாதி தீர்ந்துவிட்டது, என் துணி புதரில் வெளுத்துக்கொண்டிருக்கிறது, நான் குவளைத் தண்ணீரோடு போராடிக்கொண்டிருக்கிறேன். அதை நினைத்து அழுதேன்.

அப்புறம் ஒரு வியாழக்கிழமை கடையில் கண்ணாடிக்கு மேலிருந்த பல்ப் போய்விட்டது. ஸ்டூலுக்கு ஒரு கால் ஆட்டம். கண்ணாடிக்கு அடியில், சீப்பு, பவுடர் வைக்கும் சிமெண்ட் மேடைமேல் ஏறப் போனேன்.

"விரலை ஊனாதே!" என்று அண்ணி கத்தினாள்.

விரலை ஊனவில்லை. உள்ளங்கையின் அடியை மேடையில் வைத்து, கீழ்நோக்கி அழுத்தி, உடம்பைத் தூக்கி, கைக்குப் பக்கத்தில் ஒரு காலை வைத்து எழுந்து நின்றேன். பல்ப் மாட்டாமல் அப்படியே நின்றேன்.

"என்னடி, மேல பேய் கீய் தெரியுதா?"

"அண்ணி, இவ்வளவு நாளா நான் இழுத்துக்கிட்டே இருந்திருக்கேன்."

"எதை?"

"கல்லை."

"முதல்ல பல்பை மாட்டு. ஆள் காத்திருக்கு."

அந்த நகத்தளவு விளிம்புக்கு வலப்பக்கம், அதைப் பிடித்து நிற்கும்போது இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, பாறை தொந்தி மாதிரி வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். பிடிக்க ஒன்றுமே இல்லாத வழவழப்பான சரிவு. அதைத் துலக்கினேனே தவிர, ஏறுவதற்கு அது உதவும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. பிடிக்கத்தான் ஒன்றுமில்லை. அழுத்த இடம் இருக்கிறதே! கடுங்குளிரில் உள்ளங்கை அதில் ஒட்டி நிற்குமா? நின்றால், விரலே தேவையில்லை. ஞாயிறு வரை எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஞாயிறன்று பேருந்து தாமதம். நான் போனபோது எல்லோரும் வந்துவிட்டிருந்தார்கள். என் பாறைக்குப் பின்புறமாக நடந்து வந்துகொண்டிருந்தேன். மறுபக்கத்தில் தாடியின் குரல். தாடி பேருந்து ஓட்டுநர், எங்களில் மூத்தவர். என்னைவிட நான்கு வயது பெரியவர்; இருந்தும் மற்றவர்களைப் போல என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவரோடு பேசிக்கொண்டிருந்தது ஸ்பிரிங். அவன் உணவு டெலிவரி செய்கிறவன், எங்கள் கூட்டத்திலேயே பலசாலி. நின்ற இடத்திலிருந்து துள்ளிப் பிடிப்பதால் அந்தப் பெயர்.

"இன்னும் ரெண்டு வாரத்துல குளிர் முடிஞ்சிடும் அண்ணே. அப்புறம் அந்தப் பாறை திறந்துடும்ல?"

"இல்லடா. எல்லாருமா பேசிட்டோம். அடுத்த குளிருக்கும் துணி அங்கேயே இருக்கட்டும்."

"அப்படி வழக்கமே இல்லையே?"

"அக்கா பாவம்டா. விரல் போயிடுச்சு. வயசான காலத்துல மனசை நோகடிக்கணுமா?"

வயசான காலம்! எனக்கு உச்சந்தலை கொதித்தது. விரலுக்குள் வளையம் கிழிந்தபோதுகூட இவ்வளவு வலிக்கவில்லை. வழக்கத்தில் எனக்கென்று ஒரு சலுகை வேண்டும் என்று இவர்களிடம் யார் கேட்டது? பாறையைச் சுற்றிக்கொண்டு அவர்கள் முன்னால் போய் நின்றேன். தாடியின் முகம் தொங்கிப்போனது.

"அக்கா, அது வந்து..."

"யாரு பாவம்?"

நான் குனிந்து புதரில் கட்டியிருந்த துணியின் முடிச்சைப் பிடித்தேன். பனியில் ஊறி இறுகியிருந்தது. கட்டுப்போட்ட விரலை வைத்துக்கொண்டு அதை அவிழ்க்க முடியவில்லை. பல்லால் கடித்து இழுத்தேன். துணியைச் சுருட்டி தாடியின் கையில் திணித்தேன்.

"இந்தாங்க. அடுத்த குளிருக்கும் வேணாம், இந்தக் குளிருக்கும் வேணாம். பாறை திறந்தாச்சு. யாரு வேணா ஏறலாம்."

"அக்கா, நிஜமாவா?" என்றான் ஸ்பிரிங்.

"மெத்தையைப் போடு."

வாய்க்கொழுப்பு என்பது இதுதான். அவன் மெத்தையை விரிக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. என் யோசனையை நான் ஒருமுறைகூடப் பாறையில் வைத்துப் பார்க்கவில்லை. அதற்குள் அவன் ஏறிவிட்டால், நான் மழையில் நனைந்து துலக்கிய பாறைக்கு இன்னொரு 'நான்தாண்டா' பெயராகிவிடும். அவிழ்த்ததை மறுபடி கட்ட முடியாது. கட்டவும் மாட்டேன். அவனுக்குக் கீழே கைகளைத் தூக்கி நானே தாங்க நின்றேன்.

ஸ்பிரிங் கை வழுக்காமலிருக்க வெள்ளைப் பொடியைத் தேய்த்துக்கொண்டு ஏறினான். நான் அத்தனை நாள் கஷ்டப்பட்ட முதல் பகுதியை நடந்து போகிற மாதிரி கடந்தான். நகத்தளவு விளிம்பைக் கவ்வினான். துள்ளினான். அவனுடைய இடது கை உச்சியைத் தொட்டது. தொட்டு, வழுக்கி, அவன் என் கைகள் வழியாக மெத்தையில் விழுந்தான். எனக்கு மூச்சு திரும்பி வந்தது. அதற்காக வெட்கப்படவில்லை.

இரண்டாவது முறையும் உச்சிவரை போனான். அந்த விளிம்பு அவன் நடுவிரல் நுனியைக் கிழித்து ரத்தம் வரவைத்தது. அவன் கட்டுப்போடப் போனான். தாடி முயன்று பார்த்தார். அவருடைய தடித்த விரல்கள் விளிம்பில் நிற்கவே இல்லை.

மரக்கிளைகளுக்கு நடுவே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தத் தொந்தியில் படும். பட்டால் கல் சூடாகும், உள்ளங்கை வியர்க்கும், அதோடு கதை முடிந்தது. நான் காலணியை மாட்டினேன்.

"அக்கா, விரலு..." என்றார் தாடி.

"விரலை யாரு கேட்டா?"

முதல் பகுதியை மெதுவாக ஏறினேன். நகத்தளவு விளிம்பு கண்ணுக்கு நேராக வந்தது. பழக்கத்தில் வலது கை அதை நோக்கிப் போயேவிட்டது, இழுத்துக்கொண்டேன். கீழே யாரோ "விளிம்பு, விளிம்பு!" என்று கத்தினார்கள். நான் உள்ளங்கையின் அடியைத் தொந்தியில் வைத்தேன். ஐஸ் மாதிரி குளிர்ந்திருந்தது. அழுத்தினேன். வழுக்கும் என்று எதிர்பார்த்தேன். வழுக்கவில்லை. தோள் நடுங்க நடுங்க அழுத்தினேன். உடம்பு மேலே எழுந்தது, கடையில் மேடைமேல் எழுந்த மாதிரியே. வலது காலைத் தூக்கிக் கைக்குப் பக்கத்தில் வைத்தேன். கீழே சத்தம் அடங்கிவிட்டது. எனக்கு என் மூச்சு மட்டும்தான் கேட்டது.

இடது கையை நீட்டினேன். உச்சி நான் நினைத்ததைவிடப் பக்கத்தில் இருந்தது. பிடித்தேன். வலது கையும் அங்கே வந்தாக வேண்டும். நடுவிரலோடு கட்டிய மோதிர விரல் உச்சியின் விளிம்பில் உட்கார்ந்தபோது முணுமுணுத்தது, கத்தவில்லை. அதை நம்பி ஒரே ஒரு கணம் பாரத்தை வைத்தேன். வயிறு தேய, முழங்கால் தேய, அழகென்று எதுவுமில்லாமல் மேலே புரண்டு, எழுந்து நின்றேன்.

இரண்டு ஆள் உயரம்தான். அங்கிருந்து தண்ணீர்த் தொட்டியும் பேருந்து நிறுத்தமும் ஏழெட்டுத் தலைகளும் தெரிந்தன. எனக்கு அது போதும். ஓவென்று கத்தினேன். அழுகையும் வந்தது, வரட்டும் என்று விட்டேன்.

"அக்கா, பேரு!" என்று ஸ்பிரிங் கீழேயிருந்து கத்தினான். சொன்னேன். ஒரு நிமிடம் யாருக்கும் புரியவில்லை. பிறகு தாடி விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த முயற்சியிலேயே ஸ்பிரிங்கும் ஏறிவிட்டான், விளிம்பைப் பிடித்து, தன் வழியில். நான்தான் முதலில் கைதட்டினேன். இறங்கியதும், "மன்னிச்சிடுங்க அக்கா" என்று தாடி துணியை நீட்டினார். "நீங்களே வெச்சுக்குங்க. உங்களுக்கும் வயசான காலம் வருதுல்ல" என்றேன்.

திங்கட்கிழமை காலை அண்ணி கால்பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். நான் கத்தரிக்கோலை எடுத்து மோதிர விரலை வளையத்தில் நுழைத்தேன். கொஞ்சம் வீக்கம், அவ்வளவுதான். காற்றில் இரண்டு முறை வெட்டிக் காட்டினேன். அவள் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள்.

"ஏறிட்டியா?" என்றாள் கடைசியில்.

"ஏறிட்டேன்."

"பேரு ஏதோ வைக்கணும்னியே?"

"வெச்சாச்சு. நாத்தனார்."

பட்டை சுற்றிய கை நின்றது.

"எதுக்கு?"

"மேல விடவே மாட்டேங்குது. இழுத்தா கையைக் கடிக்குது. குளிர்லதான் கொஞ்சம் இறங்கி வருது."

அவள் முகத்தில் கோபத்தைத் தேடினேன். அவள் வேறு ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு உசரம்?"

"ரெண்டு ஆள் உசரம்."

"அவ்வளவுதானா?" பட்டையின் நுனியைச் செருகிவிட்டு எழுந்து நின்றாள். "எம்பேரை வைக்க அதைவிடப் பெருசா ஒண்ணு கிடைக்கலையா உனக்கு?"

"பெருசா ஒண்ணு இருக்கு அண்ணி. இந்த விரலுக்கு இப்போ முடியாது."

தொட்டிக்கடியிலிருந்த என் பக்கெட்டைக் காலால் நகர்த்திக் குழாய்க்குக் கீழே கொண்டுவந்தாள். ஒரு குவளை தண்ணீர் பிடித்து அதில் ஊற்றினாள். என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள். இன்னொரு குவளையும் ஊற்றினாள்.

"தூக்கு" என்றாள்.